டோக்கியோ போற மருமவனுக்கு

ஏல மருமவனே, இங்க வந்து உக்காரு. போனைக் கீழ வை. அதுல பாடம் சொல்லிக் குடுக்க அந்தப் பச்ச ஆந்தை ஒரு ராத்திரி ஒன்னைத் திட்டாம இருந்தா ஒண்ணும் செத்துறாது. மாசக்கணக்கா அதுகிட்ட ஜப்பான் பாஷை படிக்கியே, என்னத்தப் படிச்சே? ‘எங்க அக்கா வீட்டுப் பூனை ரொட்டி திங்குது.’ சரி. டோக்கியோவுல ராத்திரி பதினோரு மணிக்கு பீர் கிளாஸும் கையுமா நிக்கவன்கிட்ட போய் இதைச் சொல்லு. கைத்தாங்கலாப் பிடிச்சு, தெருமுக்குல இருக்க போலீஸ் கூண்டுல கொண்டு விட்டுட்டு, ரெண்டு தரம் குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போவான். தங்கமான மனுசங்க.

நான் கப்பல்ல ஓடுனவன். யோக்கோஹாமா, கோபேன்னு துறைமுகம் துறைமுகமா எறங்கி ஏறுனவன். என்கிட்ட இருக்க ஜப்பான் வார்த்தையை எண்ண ஒத்தக் கை போதும். அதுலயும் பாதி குடிக்கதுக்கு, மீதி துட்டுக் குடுக்கதுக்கு. அதை வச்சே சொல்லுதேன் கேளு: பாஷை தெரியாம அங்க ராத்திரியில கெட்டுப்போனவனை நான் பாத்ததில்ல. கெட்டவன் பூராவும் தெரிஞ்ச பாஷை காதுல விழுந்துதான் கெட்டான்.

ஷின்ஜுக்கு ஸ்டேஷன்ல கெழக்குப் பக்கம் எறங்கிப் பொடிநடையாப் போனா கபுகிச்சோ. சண்டை முடிஞ்சு ஊரே சாம்பலாக் கெடந்தப்ப, இங்க ஒரு கபுகிக் கூத்துக் கொட்டகை கட்டப்போறோம்னு 1948-ல அந்தப் பேரை வச்சாங்க. கொட்டகை கடைசி வரைக்கும் வரல. கூத்து மட்டும் தெனமும் நடக்கு. நீ கால் வச்ச அந்தானைக்கு ஒருத்தன் வருவான். ‘ஹலோ மை ஃப்ரெண்ட்! இந்தியா? ஷாருக்கான்!’ எத்தன நாளாச்சு ஒருத்தன் ஒன்கிட்ட வாயத் தொறந்து பேசி! ஒனக்குக் கண்ணு கலங்கிரும். ‘மூவாயிரம் யென்னு, எவ்வளவு வேணா குடி, பொண்ணுக பக்கத்துல உக்காந்து பேசும்’பான்.

போ. தாராளமாப் போ. லிஃப்ட்ல ஏத்தி மேல் மாடிக்குக் கொண்டு போவான். சோபா மெத்துன்னு இருக்கும். பக்கத்துல ஒரு பிள்ளை வந்து உக்காரும். அதுக்குத் தாகம் கொஞ்சம் ஜாஸ்தி, கிளாஸ் கிளாஸாக் குடிக்கும், கணக்கு ஒன் பேர்ல ஏறும். எல்லாரும் கலெக்டர் கணக்கா இங்கிலீஷ் பேசுவாங்க. பொறவு பில்லு வரும்லா, அப்பப் பாரு அதிசயத்தை. அத்தன பேருக்கும் ஒரே நேரத்துல இங்கிலீஷ் மறந்து போகும்! உக்காந்த கூலி, பொண்ணு உக்காந்த கூலி, ஐஸ் கூலி, சேவைக் கூலின்னு கூட்டி லட்சத்துல ஒரு நம்பரைக் காட்டுவான். கையில அவ்வளவு இல்லியா? கவலையே படாத. ஏடிஎம் வரைக்கும் ரெண்டு தடிப்பயக்க தொணைக்கு வருவாங்க, நீ வழி தவறிரக் கூடாதுன்னு.

இந்தக் கொள்ளைக் கடைகளை அடக்க டோக்கியோ நகராட்சி 2000-லயே சட்டம் போட்டாச்சு. தெருவுல ஆள் பிடிக்கதே குத்தம். ‘ஆள் பிடிக்கவன் பின்னால போகாதீங்க’ன்னு ஒலிபெருக்கி கெட்டி, பல பாஷையில விடாம அலறுது. அந்த ஒலிபெருக்கிக்குக் கீழ நின்னுதான் அவன் கூப்பிடுதான். அதுக்குக் கீழ நின்னுதான் படிச்ச பிள்ளைகளும் அவன் பின்னால போகுது. ரொப்போங்கி பக்கம் இன்னும் மோசம். கிளாஸ்ல எதையோ கலந்து குடுத்து, மயங்கிக் கெடக்கவன் கார்டைத் தேச்சிருதான்னு அமெரிக்கத் தூதரகம் தன் ஊர்க்காரங்களை எச்சரிச்சிருக்கு. இங்கிலீஷ் தண்ணியாத் தெரிஞ்ச சனங்களை, வெளங்குதா?

நல்ல கடைக்காரன் ஒன்னைக் கூப்பிடவே மாட்டான். வாசல்ல செவப்புக் காயித விளக்கு தொங்கும். கதவுக்கு மேல நோரென்னு ஒரு துணி போட்டிருப்பான். துணி வெளிய தொங்குனா கடை தொறந்திருக்கு. உள்ள எடுத்துட்டான்னா மூடியாச்சு. இதுக்கு ஆந்தை வேணுமால? துணியை ஒதுக்கி, தலையைக் குனிஞ்சு உள்ள போ. போனதும் கடையில வேலை பாக்க அத்தன பேரும் ஒண்ணாக் கத்துவாங்க. அடிக்க வரல, வாங்கன்னு சொல்லுதாங்க. பதிலுக்கு நீயும் கத்தாத. எத்தன பேருன்னு வெரலைக் காட்டு. தனியாத்தான போவே? ஒத்த வெரலு போதும்.

உக்காந்ததும் சுருட்டுன ஈரத்துண்டு ஒண்ணு வரும். அது கைக்கு. மூஞ்சியத் தொடச்சு, கழுத்தத் தொடச்சு, கக்கத்துக்குள்ள விட்டுறாத. அடுத்தாப்ல, நீ கேக்காமலே ஒரு சின்னக் கிண்ணத்துல ஏதோ ஒரு கூட்டு வரும். இங்கதான் நீ கோட்டித்தனம் பண்ணுவே, எனக்குத் தெரியும். ‘நான் இதைக் கேக்கவே இல்லியே’ன்னு சட்டம் பேசுவே. ஏல, அது நாற்காலி வாடகை. ஓட்டோஷிம்பாங்க. சில நூறு யென்னு பில்லுல ஏறும். திங்கலாம், திங்காம வச்சிரலாம், ஆனா திருப்பி அனுப்பக் கூடாது. பீருக்கு ‘நாமா’ன்னு சொல்லி ஒத்த வெரலைக் காட்டு. இது என் கை வெரல்ல ஒண்ணு, ஒனக்கு ஓசியில தாரேன்.

தீனிக்கு என்ன செய்யன்னு கேக்கியா? பல கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள சோறு, மீனு, நூடுல்ஸ், பீர் நுரை வரைக்கும் அச்சு அசலாச் செஞ்சு வச்சிருப்பான். பிளாஸ்டிக். அந்தக் காலத்துல மெழுகு. இவாசாக்கி தாக்கிஸோன்னு குஜோ ஊர்க்காரர் ஒருத்தர் 1932-ல ஒசாக்காவுல இதைத் தொழிலாவே ஆரம்பிச்சார். படிக்கத் தெரியாதவனும் பசியோட போயிரக் கூடாதுன்னு அந்த மகராசன் செஞ்ச ஏற்பாடுன்னு வச்சுக்கோயேன். பரிமாறுதவனை வாசலுக்குக் கூட்டி வந்து, பெட்டியக் காட்டி, ‘அது’ன்னு சொல்லு. தமிழ்லயே சொல்லு. நீ இங்கிலீஷ்ல சொன்னா அவன் பதறிப் போறான், தமிழ்ல சொன்னா சிரிக்கான்.

கறி மீன் தொடாத ஆளா இருந்தாத்தான் செரமம். நீ வேற சனிக்கிழமை விரதம். அங்க சனிக்கிழமைக்காக ஒருத்தனும் ஒண்ணையும் நிறுத்தி வைக்கல. நம்ம ஊர்ல மாசி விக்காம்லா, சூரையை அவிச்சு, புகை போட்டு, கட்டையாக் காய வச்சது, அதேதான் அங்க கட்சுவோபுஷி. அதைச் சீவிச் சுருள் சுருளா எல்லாத்து மேலயும் தூவுதான். ரசத்துக்குச் சாறு அதுலதான், குழம்புக்குச் சாறு அதுலதான், பச்சத் தண்ணியில போட்ட டோஃபு கட்டிக்கு மேலயும் அதுதான். சூடான பலகாரத்து மேல விழுந்தா ஆவி பட்டு நெளியும். உசுரோட இருக்குன்னு ஓடிராத. எடமாமேன்னு கேளு, அவிச்ச பச்ச சோயா காய் உப்புப் போட்டு வரும். சனிக்கிழமைக்கு அது ஒண்ணுதான் ஒனக்குக் கெதி. ஞாயித்துக்கிழமை தின்னு.

வாயத் தொறக்காம ஊர்க்காரனாவே ஆகிற ஒரு வழி இருக்கு. ஒன் கிளாஸ்ல நீயே ஊத்தாத. பக்கத்துல இருக்கவன் கிளாஸ் காலியாச்சான்னு பாத்துக்கிட்டே இரு. ஆச்சுன்னா பாட்டிலை ரெண்டு கையாலயும் பிடிச்சு அவனுக்கு ஊத்து. அவன் வெலவெலத்துப் போய் ஒனக்கு ஊத்துவான். எல்லாரும் கிளாஸைத் தூக்கி ‘கம்பாய்’ங்கதுக்கு முன்னால உதட்டுல வைக்காத, அது அவசரக்குடுக்கை வேலை. போதும்னு தோணிச்சுன்னா வாயால சொல்லிப் பிரயோசனம் இல்ல, கிளாஸை நெறைய வச்சுக்கிட்டே உக்காந்திரு. நெறஞ்ச கிளாஸ்ல எவனும் ஊத்த மாட்டான். ஒங்கப்பாவுக்கு இந்த வித்தை தெரிஞ்சிருந்தா ஒன் கல்யாணப் பேச்சு இந்நேரம் முடிஞ்சிருக்கும்.

தலையாட்டலை மட்டும் இங்கயே வச்சிட்டுப் போ. இன்னொண்ணு தரட்டான்னு கையக் காட்டிக் கேப்பான். நீ நம்ம பழக்கத்துல தலையை அங்கிட்டும் இங்கிட்டும் அசைப்பே. அவன் பாட்டிலும் கையுமா அந்தரத்துல நிப்பான், பாவம். வேணும்னா மேலயும் கீழயும். வேண்டாம்னா மூக்குக்கு முன்னால உள்ளங்கையை ரெண்டு ஆட்டு ஆட்டு. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால பெருக்கல் குறி போட்டான்னா முடியாதுன்னு அர்த்தம். கடை நெறஞ்சிருக்கும், இல்லன்னா தெரிஞ்சவனுக்கு மட்டும் உள்ள கடையா இருக்கும். ஒன் நெறத்தைப் பாத்துச் சொல்லிட்டான்னு அங்கன நின்னு பொருமாத, அந்த ஊர்க்காரனுக்கே பாதிக் கடையில அந்தப் பெருக்கல் குறிதான். ஆளைக் கூப்பிட உள்ளங்கையைக் கீழ பாத்து அசைப்பான், நம்ம பழக்கந்தான். வெள்ளக்காரன் அதைப் பாத்துப் போகச் சொல்லுதான்னு நெனச்சுப் போயிருதான். நீ போயி உக்காந்துக்கோ.

குச்சி பிடிக்க வராட்டா கரண்டி கேளு, யாரும் சிரிக்க மாட்டாங்க. ஆனா குச்சியைச் சோத்துல நட்டமா குத்தி வைக்காத. செத்தவங்களுக்குப் படைக்க சோத்துலதான் அப்படிக் குத்துவாங்க. ஒன் குச்சியில இருக்கதை அடுத்தவன் குச்சிக்கு மாத்தாத. தகனம் முடிஞ்சு எலும்பு பொறுக்கும்போதுதான் அப்படிக் கைமாத்துவாங்க. இந்த ரெண்டையும் செஞ்சுட்டே வையி, பேச்சு அந்தானைக்கு நின்னுரும். அப்ப எந்தப் பாஷையும் ஒன்னைக் காப்பாத்தாது.

கபுகிச்சோவை ஒட்டியே கோல்டன் காய்னு ஒரு எடம். ஆறு சந்து, அதுக்குள்ள எரநூறு கடை வரும். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு பேரு, மிஞ்சுனா பத்துப் பேரு. எழுத்தாளன், சினிமாக்காரன்லாம் குடிச்சுக் கெட்ட எடம்னு பேரு வாங்குனது. எண்பதுகள்ல நெலத்து வெலை ஏறுனப்ப, பழைய கட்டடத்துக்கு ராவோட ராவா தீ வச்சு எடத்தைப் பறிக்கக் கும்பலு டோக்கியோவுல சுத்துச்சு. இந்தச் சந்துக்காரங்க மொறை வச்சுக் காவல் காத்து நின்னாங்களாம். குடிகாரன் ஊரைக் காத்த கதையை ஒங்கம்மைக்குச் சொல்லு, நம்பவே மாட்டா. அங்க கதவுலயே உக்கார எவ்வளவுன்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டியிருந்தா, வெளியூர்க்காரனும் வரலாம்னு அர்த்தம். எழுதுன இங்கிலீஷை நம்பலாம். பேசுத இங்கிலீஷைத்தான் சந்தேகப்படச் சொல்லுதேன். கேக்காமப் படம் எடுக்காத. ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு எடத்தை விடு, பின்னால ஆள் நிக்கும்.

ஒங்கம்மை சும்மா இருப்பாளா? அங்க ராத்திரி பன்னெண்டுன்னா இங்க எட்டரை. சீரியலுக்கு நடுவுல விளம்பரம் வந்ததும் பிள்ளை நெனப்பு வரும், போனைப் போட்டுருவா. ‘எங்கல இருக்கே’ம்பா. ‘கோயில் பக்கத்துல நிக்கேம்மா’ன்னு சொல்லு. பொய்யே கெடையாது. அந்தச் சந்தை ஒட்டுனாப்ல ஹனசோனோன்னு பழைய கோயில் ஒண்ணு இருக்கு. ஒன் மாமன் எடம் பாத்துச் சொல்லும்போது எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்லுவான்.

வேண்டிய மட்டும் குடிக்கலாம்னு நல்ல கடையிலயும் உண்டு, நொமிஹோதாய்ம்பான். ஒண்ணரை மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு கெடு வச்சிருப்பான். நம்ம ஆளுக கட்டுன காசுக்கு ஈடு எடுக்கணும்னு கடியாரத்தைப் பாத்துக் குடிச்சு, பாதியிலயே மேசைக்கு அடியில போயிருதாங்க. நீ அந்த வகையறாதான். வேண்டாம், விடு.

பாட்டுக்கு வா. கரோக்கே பெட்டியைக் கோபேல வாத்தியம் வாசிச்சுக்கிட்டிருந்த இனோயே தாய்சுக்கே 1971-ல செஞ்சார். காப்புரிமைன்னு ஒண்ணு வாங்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல. ஊரெல்லாம் கோடி கோடியாச் சம்பாதிச்சுது. அவருக்கு 2004-ல கிண்டலுக்குக் குடுப்பாங்களே இக் நோபல் பரிசு, அதுல சமாதானப் பரிசு கெடச்சுது. அடுத்தவன் பாட்டைப் பொறுத்துக்கிட மனுசனுக்குச் சொல்லிக் குடுத்தாராம். நியாயமான பரிசுதான். கரோக்கே கடையில ரூமை மணிக்கணக்குல வாடகைக்குத் தருவான். கதவைச் சாத்திக்கிட்டுக் கத்தலாம். இங்கிலீஷ் பாட்டு வேண்டிய மட்டும் கெடக்கு. பாட வெக்கமா இருந்தா மேசையில கெடக்க தம்புரினை எடுத்துக் குலுக்கு. எவன் எப்படிப் பாடுனாலும் கை தட்டு. அம்பது வயசு தாண்டுனவன் யாராவது கூட இருந்தா ‘ரஜினி’ன்னு ஒரு குரல் விட்டுப் பாரு. 1998-ல ஷிபுயாவுல ஒரு தியேட்டர்ல நம்ம ‘முத்து’ படம் மாசக்கணக்கா ஓடுச்சு. வரிசையில நின்னவன் எவனாவது ஒருத்தன் அகப்பட்டா, துண்டைச் சுத்திக்கிட்டு எந்திரிச்சுருவான். அன்னைக்கு பில்லை நீ குடுக்க வேண்டியிருக்காது.

ஆடுதியா? ஆடு. நீ நல்ல காலத்துல போறே. 1948-ல போட்ட ஒரு சட்டத்தைக் காட்டி, நடுராத்திரிக்கு மேல கிளப்புல ஆடக் கூடாதுன்னு வச்சிருந்தான். கொஞ்ச வருசத்துக்கு முன்னால போலீஸ் அதைத் தூசி தட்டி எடுத்துக் கடை கடையா நொழைஞ்சுது. ‘ஆடாதீங்க’ன்னு சொவத்துல எழுதிப் போட்டுட்டு உள்ள பாட்டைப் போட்டாங்க பாவிக. 2016-லதான் மாறுச்சு.

எனக்குப் பிடிச்சது இதெல்லாம் இல்ல மருமவனே. ஸ்நாக்குன்னு சொல்லுத சின்னக் கடை. யோக்கோஹாமாவுல நோகேன்னு ஒரு வட்டாரம் இருக்கு, சகுராகிச்சோ ஸ்டேஷனுக்குப் பக்கம், குடிக்கடையாக் குமிஞ்சு கெடக்கும். அதுல ஒரு கடைக்குள்ள போனே, அம்பது அறுவது வயசுல ஒரு அம்மா மேடைக்கு அந்தப் பக்கம் நிப்பா. எல்லாரும் மாமான்னு, அதாவது அம்மான்னு, கூப்பிடுவாங்க, நீயும் கூப்பிடு. கடையே அவ வீட்டுக் கூடம். எவன் எங்க உக்காரணும், எவன் எவன்கூடப் பேசணும், எவனுக்கு இன்னைக்கு இது போதும், எல்லாம் அவ கண்ணசைவுல நடக்கும். ஒரு வார்த்தை புரியாது ஒனக்கு. அவளுக்கு ஒன்னைப் பத்தி எல்லாம் புரிஞ்சுரும், சம்பளம் வந்த வாரமா, வராத வாரமா வரைக்கும். முழு பாட்டிலா வாங்குனேன்னா ஒன் பேரை எழுதி அலமாரியில வச்சுக்குவா. அடுத்த தடவ போறப்ப அதை எடுத்து வைப்பா, உக்கார கூலியும் ஐசும் சோடாவும்தான் செலவு. மாசக்கணக்கா எட்டிப் பாக்கலன்னா எடுத்துருவாங்க, கெடு கடைக்குக் கடை மாறும். வெளிநாட்டுல நமக்குன்னு ஒரு பேரு இருக்கணும்னு ஆலாப் பறக்கியே, அதுக்குக் குடியுரிமைதான் வேணும்னு இல்ல.

பில்லுக்கு ஆள்காட்டி வெரல் ரெண்டையும் சின்னதாப் பெருக்கல் குறி போட்டுக் காட்டு. கையக் குறுக்க போட்டா முடியாது, வெரலைக் குறுக்க போட்டா கணக்கு. துட்டைக் கையில திணிக்காத, தட்டு வச்சிருப்பான், அதுல வை. சின்னக் கடையில கார்டு எடுபடாம இருக்கலாம், நோட்டு வச்சுக்கோ. டிப்ஸுன்னு ஒத்த யென்னு விட்டுட்டு வராத. மறந்துட்டுப் போயிட்டேன்னு சொல்லி, மூச்சு வாங்க ஒன் பின்னால தெருவுல ஓடி வருவான். ஊர்ல இருந்து போன ஒருத்தன், திருடன் தொரத்துதான்னு நெனச்சு அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஓடியிருக்கான்.

ரயில் நடுராத்திரி தாண்டுனதும் படுத்துரும், அஞ்சு மணிக்குத்தான் எந்திரிக்கும். நடுவுல டாக்சின்னா பத்து மணிக்கு மேல நூத்துக்கு இருவது கூட. பின் கதவு தன்னால தொறக்கும், பிடிச்சு இழுத்து மல்லுக்கட்டாத. ஹோட்டல் அட்டையைச் சட்டைப் பையில வச்சிரு, ஒன் போனு ஒரு மணிக்குச் செத்துரும், அட்டை சாகாது. டாக்சிக்கு மனசு வரலன்னா கேப்சூல் ஹோட்டல், 1979-ல ஒசாக்காவுல மொதல்ல கட்டுனான், பொந்துக்குள்ள ஊர்ந்து போய்ப் படுக்கணும். ஒன் வயித்தை வச்சு யோசிச்சுக்கோ. ஷிபுயாவுல தெருவுல நின்னு குடிக்காத, 2024 அக்டோபர்ல இருந்து சாயந்தரம் ஆறுல இருந்து காலம்பற அஞ்சு வரைக்கும் கூடாது. குடிச்சவன் ஓட்டுத வண்டியில ஏறி உக்காந்தாலே உக்காந்தவனுக்கும் தண்டனை. சைக்கிள்தானன்னு எளக்காரமா நெனைக்காத, 2024 நவம்பர்ல அதுக்கும் செயில் வரைக்கும் போட்டுட்டான்.

பொறவு, ஆபீஸ் ஆளுகளோட குடிச்ச மறுநாள் காலம்பற ஆபீஸுக்குப் போவே. ராத்திரி கழுத்துப் பட்டியை நெத்தியில கெட்டிக்கிட்டு, ஒன் தோள்ல சாஞ்சு, பொண்டாட்டியப் பத்தி என்னமோ சொல்லி அழுத மேனேஜர், சலவைச் சட்டையோட, ஒன்னை இதுக்கு முன்னால பாத்ததே இல்லங்க மொகத்தோட நிப்பான். ஆர்வக்கோளாறுல பக்கத்துல போய், ‘நேத்து ராத்திரி’ன்னு எதையும் ஆரம்பிச்சுராத, படமும் காட்டாத. அவன் குனிவான். நீ அவனைவிட ஒரு சாண் கூடக் குனிஞ்சுட்டு, வேலையப் பாரு.